தடைக்குப் பின்னும் தொடரும் இணையச் சூதாட்டம்: ‘கட்டுக்குள் இருக்கிறது’ என்பதை எப்படி நம்புவது?

வைகைக்கரையான்

அனைவருக்கும் வணக்கம். பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களை, அவை திறமையால் வெல்வனவா அதிர்ஷ்டத்தால் வெல்வனவா என்ற வேறுபாடு பாராமல் தடுக்கும் சட்டத்தை 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. அம்மாதம் 22-ஆம் நாள் குடியரசுத் தலைவர் ஒப்புதல் அளித்ததும் பெரிய ரம்மி நிறுவனங்களும் கற்பனை (ஃபேண்டஸி) கிரிக்கெட் நிறுவனங்களும் பண ஆட்டங்களை நிறுத்திக்கொண்டன. இத்துடன் தொல்லை ஒழிந்தது என்று பலரும் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள். ஆனால் எங்கள் அலுவலகத்தில் என்னைவிட வயதில் இளையவரான ஒருவர், வாட்ஸ்அப் முகவர் ஒருவரிடம் ‘ஐடி’ (ஆட்டத் தளத்தில் நுழைவதற்கான கணக்கு) வாங்கி, எந்த நாட்டிலிருந்து நடத்தப்படுகிறது என்றே தெரியாத ஒரு தளத்தில் இப்போதும் ஆடி வருகிறார். கேட்டால், “நாளைக்கு ஐந்நூறு ரூபாய்க்கு மேல் போடுவதில்லை அண்ணா, எல்லாம் என் கட்டுக்குள்தான் இருக்கிறது” என்கிறார்.

என் கேள்வி சட்டத்தைப் பற்றியதன்று. ஒருவர் உண்மையிலேயே கட்டுக்குள் இருக்கிறாரா என்பதை வெளியிலிருந்து பார்ப்பவர் எப்படி அறிவது, அவரே எப்படி அறிவது என்பதுதான் நான் கேட்க விரும்புவது. அறிவுரை சொல்லி அவரை விரட்டிவிடவும் விருப்பமில்லை. பார்த்தும் பாராததுபோல் இருக்கவும் மனம் ஒப்பவில்லை.

தாமிரபரணி

வங்கிக் கிளையொன்றில் கடன் பிரிவைக் கவனித்து ஓய்வு பெற்றவன் என்பதால், எனக்குத் தெரிந்த பக்கத்திலிருந்து சொல்கிறேன். ஆள் சொல்வதை விட்டுவிடுங்கள். அவருடைய கணக்கு விவர அறிக்கையைப் பாருங்கள், அல்லது அவரையே பார்க்கச் சொல்லுங்கள். பொழுதுபோக்காக ஆடுபவரின் அறிக்கையில் மாதத்தில் எப்போதோ ஒரு முறை 300, 500 என்று வெளியே போயிருக்கும், அடுத்த வரியில் காய்கறிக்கடையும் பெட்ரோலும் வந்துவிடும். பிடியில் சிக்கியவரின் அறிக்கை வேறு மாதிரி இருக்கும். சம்பளம் வரவான அன்றைய இரவு 11.40-க்கு 500, 11.52-க்கு 500, 12.10-க்கு 1,000, 12.31-க்கு 2,000 என்று தொகை ஏறிக்கொண்டே போகும். 1.15-க்கு ஏதோ ஒரு கடன் செயலியிலிருந்து 7,000 ரூபாய் வரவாகும். நான்கைந்து நிமிடத்துக்குள் அதுவும் யுபிஐ வழியாக வெளியே போய்விடும். காலையில் நண்பர்களிடமிருந்து சிறு சிறு கைமாற்றுகள் வரவில் நிற்கும். இடையில் பெரிய வரவு ஒன்று தென்பட்டால் அதுதான் வென்ற பணம். அது வீட்டுக்குப் போவது அரிது, வந்த வழியிலேயே திரும்பிப் போயிருக்கும்.

இப்போது கூடுதலாக ஒரு சிக்கலும் உண்டு. சட்டத்துக்குப் புறம்பான தளங்கள் பணத்தை நிறுவனக் கணக்கில் வாங்குவதில்லை. யாரோ ஒரு தனிமனிதரின் யுபிஐ முகவரியைக் கொடுக்கின்றன, அதையும் அடிக்கடி மாற்றுகின்றன. இரவல் வாங்கிய அந்தக் கணக்குகளில் ஒன்று சைபர் குற்ற வழக்கில் மாட்டினால், அதிலிருந்து ‘வென்ற’ பணத்தைப் பெற்றவரின் கணக்கும் முடக்கப்படலாம். சம்பளக் கணக்கே முடங்கிய பிறகு மனைவியிடம் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறதே, அப்போதுதான் பலருடைய வீட்டில் விஷயம் வெளியே வருகிறது.

பிரிட்டனில் 2020 ஏப்ரல் 14 முதல் கடன் அட்டையால் சூதாடவே முடியாது என்று தடுத்துவிட்டார்கள். தன்னிடம் இல்லாத பணத்தை வைத்து ஆடும்போதுதான் சேதம் மிகுதி என்பது அவர்களுடைய கணிப்பு. கடன் பிரிவில் நான் கண்டதும் அதுவே.

கணக்கு வாத்தியார்

ஐந்நூறு ரூபாய் என்பதை முதலில் முப்பதால் பெருக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். மாதம் 15,000. நாள் வரம்பு என்பது ஒரு கண்கட்டு. சம்பளத்தோடு ஒப்பிட மாத வரம்புதான் பயன்படும். அதையும் எழுதி வைக்காதவருக்கு வரம்பு என்று எதுவும் இல்லை.

ரம்மி திறமை ஆட்டம் என்று 1968-இல் உச்ச நீதிமன்றம் சொன்னதை எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். இருக்கட்டும். ஆறு பேர் ஆளுக்கு 100 ரூபாய் வைத்து ஆடுகிறார்கள், தளம் பத்து விழுக்காடு கழிவு எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேசையில் 600 சேர்ந்தது. வென்றவர் கைக்கு 540 போகிறது. அறுவரும் ஒத்த திறமையுடையவர்கள் என்றால் ஒவ்வொருவரும் ஓர் ஆட்டத்துக்குச் சராசரியாகப் பத்து ரூபாய் இழக்கிறார்கள். கைப்பேசியில் ஓர் இரவுக்கு நாற்பது ஆட்டம் ஆடுவது கடினமன்று. அப்படியானால் சராசரி இழப்பு 400. உங்களுக்குத் திறமை உண்டு என்றாலும், அந்தத் திறமை எதிராளிகளை வென்றால் போதாது, இந்தக் கழிவையும் வெல்ல வேண்டும். தடைக்கு முன்பே 2023 அக்டோபர் 1 முதல் போடும் பணம் முழுவதற்கும் 28 விழுக்காடு ஜிஎஸ்டி இருந்தது. 100 ரூபாய் போட்டால் ஏறத்தாழ 22 ரூபாய் வரிக்கே போய்விடும். அதை ஈடுகட்டப் பல நிறுவனங்கள் ‘போனஸ்’ கொடுத்தன என்பது வேறு கதை. நிகர வெற்றித் தொகையில் 30 விழுக்காடு வரிப் பிடித்தம் 2023 ஏப்ரல் முதலே நடைமுறைக்கு வந்திருந்தது. இத்தனைக்கும் மேல் வென்று குடும்பம் நடத்துகிறேன் என்று ஒருவர் சொன்னால், அவருடைய ஓராண்டுக் கணக்கை நான் பார்க்க விரும்புவேன்.

இன்னொன்று. ‘இத்தனை முறை தோற்றுவிட்டேன், இனி வந்தே தீரும்’ என்ற எண்ணம் படித்தவர்களிடமும் இருக்கிறது. 1913 ஆகஸ்டு 18 அன்று மான்டே கார்லோ சூதாட்டக் கூடத்தில் ரவுலட் சக்கரத்தில் தொடர்ந்து 26 முறை கறுப்பே விழுந்தது. அடுத்தது சிவப்புதான் என்று ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாகக் கட்டியவர்கள் பெருந்தொகையை இழந்தார்கள். சக்கரத்துக்கு முன்சுற்று நினைவில் இருப்பதில்லை. சிவப்புக்கு உள்ள வாய்ப்பு எப்போதும் சக்கரத்தின் 37 குழிகளில் 18 மட்டுமே.

செட்டிநாட்டான்

நண்பர்கள் எல்லோரும் ஒரே பக்கமாகப் பேசுவதால் மாற்றுக் கருத்தைப் பதிவு செய்கிறேன். எங்கள் ஊர் மன்றத்தில் நெடுங்காலமாகச் சீட்டாட்டம் நடக்கிறது. பெரியவர்கள் ஆடுவார்கள், ஒரு தொகை வைப்பார்கள், ஒன்பது மணிக்கு எழுந்து சாப்பிடப் போவார்கள். ஒருவரும் தெருவுக்கு வரவில்லை. ஆடுகிறவர் எல்லோரையும் நோயாளியாகப் பார்ப்பது சரியன்று. சட்டப்படி நடந்த தளங்களில் நாள் வரம்பும் மாத வரம்பும் நாமே வைத்துக்கொள்ள வழி இருந்தது. தமிழ்நாட்டு இணைய விளையாட்டு ஆணையம் 2025 பிப்ரவரியில் கொண்டுவந்த விதிகளும் நள்ளிரவு 12 முதல் காலை 5 வரை ஆட்டத்துக்குத் தடை விதித்து, ஒரு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் அரை மணிக்கு ஒரு முறை திரையில் எச்சரிக்கை காட்ட வேண்டும் என்று சொன்னதோடு, ஆதார் வழியான அடையாளச் சரிபார்ப்பையும் கட்டாயமாக்கின. அந்த விதிகளை உயர் நீதிமன்றம் 2025 ஜூனில் ஏற்றும் கொண்டது. எல்லாவற்றையும் ஒட்டுமொத்தமாக மூடியதால், வரம்புள்ள இடத்திலிருந்து வரம்பே இல்லாத இடத்துக்கு ஆட்களைத் தள்ளிவிட்டோம் என்பது என் கருத்து.

மருதம்

செட்டிநாட்டான் ஐயா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். போதைமீட்பு மையம் ஒன்றில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். ஆடுகிறவர்களில் பெரும்பாலோர் எங்களிடம் வரும் நிலைக்குப் போவதில்லை என்பது உண்மை. ஆனால் உங்கள் மன்றத்து ஆட்டத்தையும் கைப்பேசி ஆட்டத்தையும் ஒரே பெயரால் அழைப்பதால் ஒன்றாக எண்ணக் கூடாது. மன்றத்தில் சீட்டைக் கலைத்துப் போடுவதற்குள் இரண்டு வார்த்தை பேசுகிறோம், பணம் கையில் தாளாகத் தெரிகிறது, எதிரில் இருப்பவர் ‘போதும், வீட்டுக்குப் போ’ என்று சொல்லும் உரிமை உள்ளவர், ஒன்பது மணிக்குக் கதவும் பூட்டப்படுகிறது. கைப்பேசியில் இந்த நான்கும் இல்லை. விமானம் மேலேறும் ஆட்டத்தைப் பாருங்கள்: வைத்த பணத்தைப் பெருக்கும் எண் 1-இலிருந்து ஏறத் தொடங்குகிறது, வெடிப்பதற்குள் எடுக்காதவருக்கு வைத்தது போய்விடும், 1.8-இல் ஒருவர் பணத்தை எடுக்கிறார், அது 40 வரை போய் வெடிக்கிறது. அவர் வென்றிருக்கிறார், ஆனால் மனத்தில் நிற்பது எடுக்காமல் விட்ட தொகை. சில நொடிகளில் அடுத்த சுற்று தொடங்கிவிடுவதால் அந்த ஆதங்கம் ஆறுவதற்குக்கூட இடைவெளி கிடைப்பதில்லை. மயிரிழையில் தவறிய தோல்விகள், வெற்றி கிடைக்கும்போது மூளையில் தூண்டப்படும் பகுதிகளையே தூண்டுகின்றன என்று கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் 2009-இல் காட்டினார்கள்.

வைகைக்கரையான் ஐயா கேட்டதற்கு வருகிறேன். 1997-இலிருந்து பயன்பாட்டில் உள்ள ஒரு வினாநிரலில் இரண்டே கேள்விகள்தாம் உண்டு. மேலும் மேலும் கூடுதலான தொகை வைத்து ஆட வேண்டும் என்று எப்போதாவது தோன்றியிருக்கிறதா? எவ்வளவு ஆடுகிறீர்கள் என்பது குறித்து உங்களுக்கு முக்கியமானவர்களிடம் பொய் சொல்ல நேர்ந்திருக்கிறதா? இரண்டில் ஒன்றுக்கு ‘ஆம்’ என்றாலும் மேற்கொண்டு விரிவாகப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதுவே நோய் முடிவு ஆகாது. மனநல மருத்துவர்கள் பின்பற்றும் அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பில் சூதாட்டக் கோளாற்றை மது, போதைப்பொருள் கோளாறுகளோடு ஒரே பிரிவில் வைத்தார்கள். ஒன்பது அடையாளங்களில் நான்கேனும் ஓராண்டுக்குள் காணப்பட வேண்டும். எந்நேரமும் அதே நினைவாக இருப்பது, குறைக்க முயன்றால் எரிச்சல் வருவது, மனம் சோர்ந்தபோது அதையே நாடுவது, விட்டுவிட முயன்று முயன்று தோற்பது, கடனை அடைக்க மற்றவர் கையை எதிர்பார்ப்பது ஆகியவை அவற்றுள் அடங்கும்.

எனினும் ஒன்றை மட்டும் கவனியுங்கள் என்றால் நான் தேர்ந்தெடுப்பது ‘விட்டதைப் பிடிப்பது’. தோற்ற பிறகு ஒருவர் என்ன செய்கிறார்? ‘சரி, போயிற்று’ என்று கைப்பேசியை வைத்துவிட்டுத் தூங்கப் போகிறவர் பெரும்பாலும் கட்டுக்குள் இருப்பவர். தோற்ற பணம் இன்னும் தனக்குச் சொந்தமானது, அந்தத் தளத்தில் போய் நிற்கிறது, மீட்டு வர வேண்டும் என்று நினைக்கத் தொடங்கியவருக்கு வரம்பு நிற்காது. ஏனெனில், வரம்பை வைப்பவரும் அவரே, இரவு ஒரு மணிக்கு அதைத் தளர்த்துபவரும் அவரே.

ஓர் இடைக்குறிப்பு: பார்க்கின்சன் நோய்க்காகச் சில வகை டோபமைன் மருந்துகளை எடுத்துக்கொள்பவர்களிடம், முன்பு இல்லாத சூதாட்ட வேட்கை புதிதாகத் தோன்றுவதுண்டு. வீட்டுப் பெரியவர் ஒருவர் திடீரென்று இப்படி மாறினால் திட்டுவதற்கு முன்பு அவருடைய மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்தைத் தாமாக நிறுத்தக் கூடாது.

சிராங்கூன்வாசி

சிங்கப்பூரில் தடையும் கட்டுப்பாடும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பதைச் சொன்னால் பயன்படும் என்று எண்ணுகிறேன். இங்கே சூதாட்டக் கூடத்துக்குள் நுழையக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) நுழைவு வரி கட்ட வேண்டும். அது ஒருபுறம் இருக்க, பிரச்சினைச் சூதாட்டத்துக்கான தேசிய மன்றத்திடம் ஒருவர் தம்மைத் தாமே தடைப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாம். சேர்ந்துவிட்டால் ஓராண்டு கழியும் முன் நீக்கச் சொல்லிக் கேட்க முடியாது. கணவரோ மகனோ ஒத்துக்கொள்ளாவிட்டாலும் மனைவியோ பெற்றோரோ விண்ணப்பித்து, விசாரணைக்குப் பிறகு அவருக்குக் குடும்பத் தடையாணை பெற முடியும். மருதம் அவர்கள் சொன்ன ஒரு மணிப் பிரச்சினைக்கு இது நேரடியான விடை: தெளிவாக இருக்கும் பகல் வேளையில் எடுத்த முடிவை, தெளிவில்லாத இரவு வேளையில் மாற்ற முடியாதபடி சாவி இன்னொருவர் கையில் இருக்கிறது.

செட்டிநாட்டான்

மன்றத்துக் கதவு பூட்டப்படும் என்பதை நான் எண்ணிப் பார்த்ததில்லை. அந்த வேறுபாட்டை ஏற்கிறேன். ஆனாலும் நம் நாட்டில் சிங்கப்பூர் போன்ற பட்டியல் இல்லை, வெளிநாட்டுத் தளம் எந்தப் பட்டியலையும் மதிக்கப்போவதும் இல்லை. அப்படியிருக்க இங்கே உள்ளவர் சாவியை எவரிடம் கொடுப்பது?

கார்குழலி

அதற்கு நான் விடை சொல்கிறேன் ஐயா. என் தம்பியின் கடனை எங்கள் குடும்பம் கடந்து வந்த விதம் எல்லோருக்கும் பொருந்தும் என்று சொல்லவில்லை. ஆனால் நடைமுறையில் உதவியவை இவை.

முதல் வேலையாக, மொத்தக் கடன் எவ்வளவு என்பதை அவன் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வதை நிறுத்தினோம். பொய் சொல்கிறான் என்பதற்காக மட்டுமன்று. வெட்கத்தில் பாதியைத்தான் சொல்ல வரும். கடன் தகவல் நிறுவனங்கள் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒரு முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அவனை உடன் வைத்துக்கொண்டு அதை எடுத்தோம். அவன் சொல்லியிராத இரண்டு கடன்கள் அதில் இருந்தன. அடகுக்கடையில் வைத்த நகையும் தெருவட்டியும் அதில் வராது என்பதால் அவற்றைத் தனியாகக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

அடுத்தது, பணத்தை அவன் கையில் கொடுக்கவில்லை. அப்பா தம் வைப்புத்தொகையை உடைத்து மொத்தமாகக் கொடுக்க முன்வந்தபோது அம்மாவும் நானும் மறுத்தோம். அதற்காக வீட்டில் பெரிய சண்டையே நடந்தது. கடன் கொடுத்தவருக்கு நேரடியாக, தவணை பேசி, இரசீது வாங்கிக்கொண்டு கட்டினோம். சம்பளம் வரும் கணக்கில் யுபிஐ பதிவை நீக்கினோம். சின்னச் செலவுக்கு மட்டும் இன்னொரு கணக்கு, அதில் வாரத்துக்கு ஒரு தொகை. இணைய வங்கிக் கடவுச்சொல் அவன் மனைவியிடம். அவனுடைய கைப்பேசியில் இருந்த முகவர் எண்களை அவனையே தடுக்கச் சொன்னோம். புது எண்ணிலிருந்து ‘இன்று போட்டால் இரட்டிப்பு போனஸ்’ என்று செய்தி வந்துகொண்டுதான் இருந்தது, ஆகவே வந்தால் மறைக்காமல் காட்ட வேண்டும் என்பது மட்டும் உடன்படிக்கை. ஒரு முறை மீறினான். அன்றைக்கு இழந்தது ஒரு வாரச் செலவுப் பணம். முன்பு போல ஒரு மாதச் சம்பளம் அன்று. அதை நாங்கள் தோல்வியாகக் கொள்ளவில்லை.

மாவட்ட மருத்துவமனை மனநலப் பிரிவிலும் காட்டினோம். அங்கே எவரும் அவனைக் குற்றவாளியாக நடத்தவில்லை என்பதைக் குறிப்பிட வேண்டும். போலீசில் பிடித்துக் கொடுத்துவிடுவார்களோ என்ற அச்சத்தாலேயே அவன் அதுவரை வர மறுத்தான்.

மருதம்

அந்த அச்சம் பலரிடம் உண்டு. 2025-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் தண்டனைகள் ஆட்டத்தை நடத்துபவர், விளம்பரம் செய்பவர், பணப் பரிமாற்றத்துக்குத் துணைபோகிறவர் ஆகியோரைக் குறிவைப்பவை. ஆடியவரை அது தண்டிப்பதில்லை. தமிழ்நாட்டின் 2022-ஆம் ஆண்டுச் சட்டம் சூதாடுபவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் என்று சொல்கிறது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் உதவி கேட்டு வருபவரைக் காவல் துறையிடம் ஒப்படைப்பது மருத்துவரின் வேலையன்று. அவர் சொல்வது பொதுவாக இரகசியமாகவே இருக்கும்.

வைகைக்கரையான்

மிகவும் பயன்பட்டது, நன்றி. ஒரு கேள்வி மிஞ்சுகிறது. அவர் என் உறவினர் அல்லர். கணக்கு அறிக்கையைக் காட்டு என்று கேட்கும் உரிமை எனக்கில்லை. பேச்சை எப்படித் தொடங்குவது? கடனால் மனம் உடைந்திருக்கிறாரோ என்ற ஐயமும் இருக்கிறது. அண்மைக்காலமாக எவரோடும் சேர்ந்து சாப்பிடுவதில்லை.

மருதம்

தனியாக இருக்கும்போது, ஆடுவது சரியா தவறா என்று தொடங்காமல், நீங்கள் கண்டதை மட்டும் சொல்லுங்கள்: “தம்பி, கொஞ்ச நாளாகச் சாப்பாட்டுக்கு வருவதில்லை, தூங்காத முகமாக இருக்கிறாய். பணத்தில் ஏதாவது நெருக்கடியா?” அவர் மறுத்தால் வாதாட வேண்டாம். ஒரு மாதம் ஆடாமல் இருந்து பார்க்க முடியுமா என்று மட்டும் கேட்டு வையுங்கள். அது குறை சொல்வதற்கோ நாளை எண்ணிக் காட்டுவதற்கோ அன்று. அந்த மாதத்தில் முடியவில்லை என்றால் அதை அவரே முதலில் அறிவார். பணம் கேட்டால் கொடுக்காதீர்கள், ஆனால் மருத்துவரிடம் உடன் வருகிறேன் என்று சொல்லுங்கள்.

உயிர் பற்றிய ஐயம் இருந்தால் சுற்றி வளைக்க வேண்டாம். “சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா?” என்று நேராகவே கேட்கலாம், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது, பல நேரங்களில் பாரம் இறங்கி அழத் தொடங்குவார்கள். ‘ஆம்’ என்றால் அவரைத் தனியே விடாமல், 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணை அவருடைய கைப்பேசியிலிருந்தே அழைத்துக் கையில் கொடுங்கள். கட்டணம் இல்லை, எந்நேரமும் கிடைக்கும், தமிழிலேயே பேசலாம். மாநிலத்தின் 104 உதவி எண்ணும் உண்டு.

தாமிரபரணி

வசூலுக்கு வருகிறவர்கள் அலுவலகத்துக்கே அழைத்து மிரட்டினால் அதையும் அவர் ஒருவர் தலையில் விட்டுவிடாதீர்கள். அழைப்பு வந்த எண், நேரம், பேசியது ஆகியவற்றைத் தாளில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். கந்துவட்டியைத் தடுக்கும் 2003-ஆம் ஆண்டுச் சட்டம் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது, கடன் செயலியின் மிரட்டல் என்றால் 1930 என்ற சைபர் குற்ற எண்ணிலும் புகார் பதியலாம். குறிப்பு கையில் இருந்தால் புகார் எழுத அரை மணி நேரம் போதும். எழுதித்தர ஆள் வேண்டுமென்றால் எனக்குத் தனிச்செய்தி அனுப்புங்கள், ஓய்வில்தான் இருக்கிறேன்.